வெளிநாட்டு உதவி குறைவது நன்மையா, கேடா?

வைகறை:
1961-இல் தொடங்கிய, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 2025 ஜூலையோடு செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. பிரிட்டனும் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காடாக இருந்த தன் உதவியை 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போவதாக 2025-இல் அறிவித்தது. இதைப் பேரிழப்பு என்று பலரும் வருந்துவதை நான் ஏற்கவில்லை. சர்வாதிகாரி மொபுட்டு ஆண்ட ஜயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) பல்லாண்டுகள் கொட்டப்பட்ட பணம் மக்களைச் சேராமல் அவருடைய ஆட்சிக்கே முட்டுக்கொடுத்தது. குடிமக்களின் வரியை நம்பியிராத அரசு அவர்களுக்குக் கணக்குக் காட்டாது.

நெடுவழி:
பனிப்போரில் தம் பக்கம் நிற்பவரைத் தக்கவைக்கவே மேற்கு நாடுகள் ஜயருக்குப் பணம் கொடுத்தன. அதே கோலால் மருந்துக்கான உதவியையும் அளப்பது நியாயமன்று. 2003-இல் அமெரிக்கா தொடங்கிய பெப்ஃபார் திட்டம், எச்.ஐ.வி. தொற்றுடையோருக்கு மருந்து கிடைக்கச் செய்து, ஏறத்தாழ 2.5 கோடி உயிர்களைக் காத்ததாக அந்நாட்டு அரசே மதிப்பிட்டிருக்கிறது. அம்மருந்தை நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். சில வாரங்கள் தடைப்பட்டாலே கிருமி உடலில் மீண்டும் பெருகத் தொடங்கும். கொள்கை சரியா தவறா என்று நாம் வாதிட்டு முடிக்கும்வரை நோய் காத்திருக்காது.

வைகறை:
மருந்தைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் உதவி என்ற பெயரில் நடப்பதெல்லாம் அத்தகையதா? மலேசியாவின் பெர்காவ் அணைக்குப் பிரிட்டன் கொடுத்த நிதி ஆயுத விற்பனையோடு பிணைந்திருந்தது. அந்த நிதியுதவி சட்டத்துக்குப் புறம்பானது என்று 1994-இல் லண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்க உணவு உதவியிலோ, குறைந்தது பாதிச் சரக்கையாவது அந்நாட்டுக் கொடி பறக்கும் கப்பல்களிலேயே ஏற்ற வேண்டும் என்பது சட்டம். பசித்தவருக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி கப்பல் கூலியாகவே கரைகிறது.

கல்தூண்:
உதவியை யார் நடத்துகிறார் என்பதையும் பாருங்கள். ஒரு காலத்தில் பெருமளவு உதவி பெற்ற தென்கொரியா, 2010-இல், பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஈசிடியின் உதவி வழங்கும் நாடுகளுக்கான குழுவில் சேர்ந்தது. அங்கே திட்டத்தை வகுத்தது அந்நாட்டு அரசு. அதே 2010-இல் நிலநடுக்கத்தால் சிதைந்த ஹெய்ட்டிக்கு வந்த நிதியில் மிகப் பெரும்பகுதி அந்நாட்டு அரசைத் தொடாமலே வெளி நிறுவனங்களின் வழியாகச் செலவானது.

நெடுவழி:
பெர்காவ் அவமானத்துக்குப் பின்னர், 2001-இல், உதவி பெறுவோர் தன் பொருள்களையே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பிரிட்டன் கைவிட்டதே! குறையைச் சட்டத்தால் திருத்த முடிந்தது. கதவை அடைக்க வேண்டியிருக்கவில்லை. நிதி நின்ற மறுவாரம் மருந்துக்கு வந்து நிற்பவரிடம் என்ன சொல்வீர்கள், வைகறை?

வைகறை:
திடீரென்று நிறுத்தியது கொடுமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிகிச்சை நிலையங்களையும் மருந்துக் கொள்முதலையும் அந்தந்த நாட்டின் சுகாதார வரவுசெலவுத் திட்டத்துக்குள் படிப்படியாகக் கொண்டுவரக் காலம் தந்திருக்க வேண்டும். ஆனால் முடியும் நாள் எழுதப்படாத உதவியை இனியும் என்னால் ஆதரிக்க இயலாது.