அரண்மனையில் அடுப்பு எங்கே எரிந்தது?

கருப்பூர்க்காரன் (இப்போது சியோல்):

வேலை மாற்றலாகி சியோல் வந்த முதல் குளிர்காலம். லீவு நாளில் அறைக்குள்ளேயே சுருண்டு கிடந்தவனைக் கூட வேலை செய்பவர் கிளப்பிக்கொண்டு போன இடம் கியோங்போக்குங் அரண்மனை. கொரிய உடையான ஹன்போக்கை வாடகைக்கு எடுத்து உடுத்தினால் டிக்கெட் எடுக்க வேண்டாம். எனக்கு ஸ்வெட்டரைக் கழற்ற மனசு வரவில்லை, 3,000 வான் (கொரியப் பணம்) கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள்.

1395-இல் கட்டியது. 1592 போரில் எரிந்து, 1867-இல்தான் மறுபடி எழுந்தது. அப்புறம் கொரியாவைப் பிடித்து ஆண்ட ஜப்பான்காரர்கள் பெரும்பகுதியை இடித்து, முன்பக்கத்தை மறைத்துத் தங்கள் தலைமை அலுவலகத்தையே கட்டிவிட்டார்கள். அதை இடிக்கத் தொடங்கியது 1995-இல். 'என்ன, பெயின்ட் புதுசாக இருக்கிறது?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அரியணை மண்டப முற்றத்தில் இரண்டு வரிசையாகக் குட்டைக் கற்கள், ஒவ்வொன்றிலும் பதவித் தரம் செதுக்கியிருக்கிறது. நிர்வாக அதிகாரிகள் கிழக்கே, படை அதிகாரிகள் மேற்கே, அவரவர் கல்லருகே நிற்க வேண்டும். நம்ம ஊர்க் கல்யாண மேடையில் போட்டோ எடுக்கும்போது இப்படி நாலு கல் இருந்தால் தேவலை.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது ராணி மாளிகையின் பின்புறம். படிப்படியாகச் செடி வைத்த சின்ன மேடு. அதில் ஆறு பட்டைச் செங்கல் தூண்கள் நாலு, பக்கங்களில் மான், கொக்கு, மூங்கில் சித்திரங்கள். எல்லாரும் அலங்காரத் தூண் என்று நினைத்து செல்ஃபி எடுக்கிறார்கள். அப்பா ஊரில் மாக்னசைட் தாதுவைச் சுடும் சூளையில் வேலை பார்த்தவர். உச்சியில் குட்டிக் கூரை போட்ட துளைகளைப் பார்த்ததுமே புகைபோக்கி என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. அடுப்பு அறைக்கு வெளியே. அனலும் புகையும் தரைக்கடியில், பாவிய கற்பலகைகளுக்குக் கீழே ஓடும். கல் சூடேறி அறை கதகதப்பாகும். மிச்சப் புகை மண்ணுக்கடியிலேயே மேட்டுக்கு வந்து வெளியேறும். ஒண்டோல் என்கிறார்கள். என் வாடகை அறையிலும் ஒண்டோல்தான், நெருப்புக்குப் பதில் வெந்நீர்க் குழாய்.

ஏற்காட்டுப் பெண் (வியன்னாவில் படிக்கிறேன்):

அண்ணா, இங்கே ஷோன்புருன் அரண்மனையிலும் இதே கதை. 1,441 அறைகளாம், சுற்றுலாப் பயணிகளுக்குக் கொஞ்சம்தான் காட்டுகிறார்கள். மூலையில் வெள்ளையும் தங்கமுமாக ஆளுயரத்துக்கு மேல் பீங்கான் கணப்பு நிற்கிறது, விறகு போட வாயே இல்லை! சுவருக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கென்று தனி நடை. அங்கிருந்தே விறகு தள்ளுவார்களாம், சாம்பலும் ஆளும் ராஜா கண்ணில் படாமல். எங்கள் ஊர் எஸ்டேட் பங்களாக்களில் கணப்புக்கு முன்னால் குந்தி ஊதுகிற வேலையை நினைத்துக்கொண்டேன். இவ்வளவும் இருந்தும் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்ஸ் யோசெப் படுத்தது சாதா இரும்புக் கட்டிலில். தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை, கையில் காசு இல்லாத மாசக் கடைசியிலும் நடக்கலாம்.

அம்மாப்பேட்டை அக்கா (பாங்காக்):

உங்களுக்காவது குளிர். பாங்காக் பெரிய அரண்மனையில் வெயில் நம்ம சேலத்தையே தோற்கடித்துவிடும். அரை டிராயர் போட்டு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். புடவைக்கு மறுபேச்சே இல்லை. 1782-இல் தாய்லாந்து மன்னர் முதலாம் ராமா கட்ட ஆரம்பித்தது. உள்ளே மரகத புத்தர் கோயில் பிராகாரச் சுவர் நெடுக ராமாயணம், 178 ஓவியங்கள். அவர்கள் கதையில் அனுமார் பிரம்மச்சாரி இல்லை, ராவணன் மகளான மச்சகன்னியோடு காதல் எல்லாம் உண்டு. ஊரில் சனிக்கிழமை தவறாமல் அனுமாருக்கு வடைமாலை சாத்துகிற மாமியாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.