சிறிய கமெராவும் அதோடு வந்த சிடியும்: என் அனுபவம்

பழைய சிறிய டிஜிட்டல் கமெரா ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று மச்சாள் கேட்டிருந்தாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

என்னுடையது 2008இல் வாங்கியது. 8 மெகாபிக்சல், 4 மடங்கு சூம், இரண்டு ஏஏ பற்றரி. இன்றைக்கும் அதில் எனக்குக் குறையில்லை. நல்ல வெயில் இருந்தால் நிலாவெளிக் கடலின் நீலம் அப்படியே வரும். திருகோணமலை கோணேசர் கோவிலடியில் நின்று, சூரியன் கடலுக்கு மேலே வரும்போது நேரே பிடித்தால் திரையில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். பழுது என்று பயப்பட வேண்டாம். சிசிடி உணரி (ஒளியைப் படமாக மாற்றும் ஒரு வகைச் சில்லு) உள்ள கமெராக்களின் இயல்பு அது. வீடியோவில் பதியும், படத்தில் அநேகமாக வராது. கோட்டைக்குள் மேயும் மான்களை எடுக்கத்தான் பொறுமை வேண்டும். பொத்தானை அரைவாசி அழுத்தி ஃபோகஸைப் பிடித்து வைத்திருங்கள், இல்லாவிட்டால் மான் தலையைத் திருப்பிய பிறகுதான் படம் விழும்.

சரி, கமெராவோடு வந்த சிடியில் இருந்த மென்பொருளுக்கு வருகிறேன். படங்களை ஒட்டித் தைக்கும் வசதி அருமையாக இருந்தது. உட்துறைமுகத்தை ஐந்து படங்களாக எடுத்து ஒன்றாக்கினேன், ஒட்டிய இடம் தெரியவில்லை. அந்த நம்பிக்கையில்தான் பெரிய வேலையையும் அதிலேயே செய்தேன்.

வீட்டில் ஸ்கேனர் இல்லை. அப்பம்மாவின் பழைய ஆல்பத்தை ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷை அணைத்து, ஒவ்வொரு படமாகக் கமெராவிலேயே எடுத்தேன். மிகக் கிட்டப் போய் எடுத்தால் படத்தின் ஓரங்கள் வளையும், கொஞ்சம் தள்ளி நின்று சூம் பண்ணினால் நேராக வரும். பிறகு அப்பம்மாவைக் கணினிக்கு முன்னால் இருத்தினேன். அவர் திரையில் விரலை வைத்து, இது இன்னார், இது இன்னாரின் தங்கை என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொரு படத்துக்கும் கீழே குறிப்பாகத் தட்டச்சு செய்தேன். இரண்டு பின்னேரம் போனது.

சில வருடம் கழித்து கணினி மாற்றியபோது படங்களை மட்டும் பிரதி எடுத்தேன், பழையது அழிக்கப்பட்டுவிட்டது. புதியதில் திறந்தால் எடுத்த திகதி இருக்கிறது, குறிப்பு ஒன்றுகூட இல்லை. திகதியைக் கமெரா படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். நான் எழுதிய பெயர்களையோ அந்த மென்பொருள் தன் சொந்தத் தரவுத்தளத்தில், வேறொரு கோப்பில் வைத்திருந்திருக்கிறது. அந்த நேரத்தில் அப்பம்மாவும் உயிரோடு இல்லை. இரட்டைப் பின்னலோடு அவருக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் யாரென்று பெரியத்தைக்கும் தெரியவில்லை. இப்போது எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

அதனால் எந்த மென்பொருளானாலும் முதலில் ஒரே ஒரு படத்தில் குறிப்பு எழுதுங்கள். அதைப் பென்ட்ரைவில் போட்டு, வேறு கணினியில், வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள். குறிப்பு தெரிந்தால் மட்டும் மிச்சத்தை எழுதுங்கள். நான் இப்போது இலவசமாகக் கிடைக்கும் டிஜிகாம் பாவிக்கிறேன். அதிலும் கோப்புக்குள் எழுதும் தெரிவு இயங்குகிறதா என்று அமைப்புகளில் பார்த்துக்கொள்ள வேண்டும். கூகுளின் பிக்காசா என்ற பட மென்பொருளே 2016இல் நிறுத்தப்பட்டது, ஆகவே பெயர்களைக் கோப்பின் பெயரிலும் எழுதி வைக்கிறேன்.

மச்சாள், கமெராவை வாங்கு. சிடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மெமரி கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டால் படங்கள் வந்துவிடும். மிகப் பழைய கமெரா என்றால் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்காமல் போகலாம், கேட்டுக்கொள். லென்ஸ் வெளியே வரும்போது கரகரவென்று சத்தம் கேட்டால் வேண்டாம், உள்ளே கடற்கரை மணல் போயிருக்கும்.