செக்காலையில் விளக்கு எரியாத வீடுகள்: காரைக்குடி அடுக்குமாடிகளில் யார் இருக்கிறார்கள்?

கண்டனூரான்:
காரைக்குடி வளர்கிறது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். செக்காலைப் பக்கம் பழைய வீடு இருந்த மனையில் ஐந்து மாடி எழும்பிவிட்டதாம். சரி, உள்ளே யார் இருக்கிறார்கள்? என் தங்கை இருக்கும் கட்டடத்தில் 24 வீடுகள். போன வாரம் இரவு எட்டு மணிக்கு வாசலில் நின்று எண்ணினேன். பதினொன்றில்தான் விளக்கு எரிந்தது. மற்றவை சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருப்பவர்கள் வாங்கிப் போட்டவை. எரிந்த பதினொன்றிலும் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நகரத்தாரின் பழைய பெரிய வீடான வளவு பூட்டிக் கிடக்கிறதே என்று அழுதோம். இப்போது பூட்டை மாடிக்கு ஏற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

மூன்றாம் மாடி:
ஐயா, நீங்கள் எண்ணிய எட்டு மணிக்கு நான் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தேன். என் வீட்டில் விளக்கு எரிந்திருக்காது. செவிலியர் இருவர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறோம். எதிர்வீட்டில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் ஆய்வு செய்யும் வடநாட்டுத் தம்பதி, கைக்குழந்தையுடன். பக்கத்தில் மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி. கடைசி வீட்டில் ஓர் ஆச்சி. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் துபாயில் இருக்கிறார், உண்மைதான். அதனால் வீடு காலியாகிவிடுமா?

கண்டனூரான்:
வங்கி அதிகாரி மூன்று வருடத்தில் கிளம்பிவிடுவார். ஆய்வு முடிந்தால் அந்தத் தம்பதியும் போய்விடுவார்கள். தங்கிப் போகிறவர்களைச் சத்திரத்துக் கணக்கில் எழுதலாம், ஊர்க்கணக்கில் எழுதக்கூடாது.

கணக்குப்பிள்ளை:
ஆசிரியராக இருந்தபோது 2011 கணக்கெடுப்புக்கு வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். கதவை எண்ணுவதும் ஆளை எண்ணுவதும் வெவ்வேறு வேலைகள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம் என்பது அரசாங்க இலக்கணம். நகரத்தார் வீட்டில் கல்யாணமான மகனை ‘வேறு வைத்து’விடுவார்கள். கூரை ஒன்று, அடுப்பு தனித்தனி. பழைய வளவு ஒன்றில் ஐந்து அடுப்பு எரிந்தால் அது கணக்கில் ஐந்து குடும்பம். அவர்கள் ஐந்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போனாலும் அதே ஐந்துதான். கதவுகள்தான் கூடியிருக்கும், தலைகள் கூடியிருக்காது. பூட்டிய வீட்டுக்கோ வீட்டுப் பட்டியலில் எண் உண்டு, மக்கள்தொகையில் ஒரு தலைகூடக் கிடையாது.

இன்னொன்று. 2011-இல் காரைக்குடி நகராட்சியின் மக்கள்தொகை 1,06,714. 2024-இல் கோட்டையூர், கண்டனூர் எல்லாம் சேர்ந்து மாநகராட்சி ஆகிவிட்டது. 2027 கணக்கெடுப்பில் வரப்போகும் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு, எல்லாம் அடுக்குமாடியால் வந்தது என்று யாரும் துள்ள வேண்டாம். கண்டனூரான் அண்ணனே இருந்த திண்ணையை விட்டு எழுந்திருக்காமல் மாநகரவாசி ஆகிவிட்டார்.

மெல்பர்ன்வாசி:
பள்ளத்தூரில் பிறந்தவன். இங்கே துறைமுகம் இருந்த இடத்தில் டாக்லாண்ட்ஸ் என்று நகர நடுவிலேயே ஓர் அடுக்குமாடிப் பகுதி. 2016-இல் 10,964 பேர், 2021-இல் 15,495 பேர். பெரும்பாலும் இளையவர்கள், வாடகைக்காரர்கள். கண்டனூரான் சொல்லும் அதே குறையை இங்கேயும் சொன்னார்கள்: வேர் இல்லாத கூட்டமாம். அடுக்குமாடியில் குழந்தைகள் எங்கே இருக்கப் போகிறார்கள் என்ற நினைப்பில் பள்ளிக்கூடத்தைத் தள்ளிக்கொண்டே போனார்கள். ஆனால் குழந்தைகள் இருந்தார்கள். தொடக்கப்பள்ளி திறந்தது 2021-இல்தான்.

கண்டனூரான்:
மெல்பர்ன் கணக்கு மெல்பர்னுக்கு. எங்கள் நகரத்தாரிடம் அதைவிடப் பழைய கணக்கு இருக்கிறது. கல்யாணமானால் தம்பதி ஒரு புள்ளி. கோவிலில் பதிவாகிவிடும். அவன் அமெரிக்காவில் இருந்தாலும் புள்ளி புள்ளிதான். நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கலுக்குப் புள்ளிக்கு ஒரு பானையாக வரிசையில் நிற்பதைப் பாருங்கள், எத்தனை புள்ளி என்று யாரும் வீடு வீடாக ஏற வேண்டியதில்லை.

மூன்றாம் மாடி:
அந்தப் பானை வரிசையில் எனக்கு இடம் கிடையாது, ஐயா. உங்கள் வளவுக்குத் தூண் செதுக்கிய ஆசாரிக்கும், பந்தியில் சமைத்தவருக்கும் அன்றும் கிடையாது. கோவில் வரிக்கு அது சரியான கணக்கு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் குடிநீர்க் குழாயின் அளவைப் புள்ளியை வைத்தா முடிவு செய்வீர்கள்? நான்கு வருடமாக இந்த ஊர்த் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். இரவில் இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் ஊசி போடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
இதில் நான் அந்தப் பெண் பக்கம். 2011-லேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அடுக்குமாடியில் முதியவர்கள் கூடுதலாக இருந்தால் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் வேண்டும், குழந்தைகள் இருந்தால் அங்கன்வாடி வேண்டும். வயதைக் கேட்காமல் வாசலில் நின்று விளக்கை எண்ணினால் இரண்டுமே தெரியாது.

செக்காலை ஆச்சி:
கண்டனூரான் தம்பி எண்ணிய கட்டடத்தில்தான் நானும் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். எனக்கு 71 வயது. எங்கள் பழைய பெரிய வீட்டில் என் பங்கு எட்டில் ஒன்று. ஆனால் முற்றம், முகப்பு, இரண்டாம் கட்டு எல்லாவற்றையும் பெருக்கியது நான் ஒருத்திதான். ஓடு மாற்ற வேண்டுமென்றால் பங்காளிகள் ஏழு பேரின் சம்மதம் வேண்டும், அதில் மூவர் போனே எடுக்க மாட்டார்கள். இங்கே லிப்ட் இருக்கிறது. மூன்றாம் மாடிப் பெண் வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போகிறாள், காசு கொடுத்தால் வாங்க மாட்டாள், சீப்புச் சீடை மட்டும் வாங்கிக்கொள்வாள். பெரிய வீட்டை நினைத்தால் இப்போதும் அழுகை வரும். அதற்காகத் திரும்பிப் போக மாட்டேன்.

ஒன்று சொல்ல மறந்தேன், தம்பி. நான் ஏழரை மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

கண்டனூரான்:
சரி ஆச்சி, பதினொன்றைப் பதின்மூன்று என்று திருத்திக்கொள்கிறேன். மீதிப் பதினொன்று பூட்டித்தான் கிடக்கிறது, அதில் மாற்றமில்லை. அடுத்த வாரம் விடியற்காலையில் வந்து கதவில் தொங்கும் பால் பையை எண்ணுகிறேன்.

மூன்றாம் மாடி:
நாங்கள் பால் வாங்குவதில்லை, ஐயா. கடையில்தான் டீ.