மட்டக்களப்பில் வளையத்தின் கீழே நின்ற பிள்ளை

உவர்மலை, பொறுப்பாசிரியை

மாகாணமட்டக் கூடைப்பந்து அரையிறுதியில் ஒரு புள்ளியால் தோற்றுத் திருகோணமலைக்குத் திரும்பி மூன்று வாரங்களாகிவிட்டன. ஆனாலும் அந்தக் கடைசிச் செக்கன்கள் என்னை விட்டபாடில்லை. அணியிலுள்ள 12 பேரில் 9 பேருக்கு இன்னும் 16 வயது நிறையவில்லை. எல்லோரும் வலைப்பந்திலிருந்து வந்தவர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவே தெரியாதிருந்தவர்கள், வலயமட்டத்தையும் மாவட்டமட்டத்தையும் வென்றுதான் அங்கே வந்திருந்தார்கள்.

எதிரணியின் பந்தை எங்கள் சின்னப்பிள்ளை பறித்து முன்னே எறிந்தாள். அதைப் பிடித்தவள் வளையத்தின் நேர்கீழே நின்றாள். இரண்டு கை தூரத்துக்கு யாருமே இல்லை. அவள் இரு கால்களையும் ஊன்றி, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரிடம் கொடுக்கலாமென்று திரும்பிப் பார்த்தாள். விசில் ஊதிவிட்டது.

திரும்பும் வழியில், வெருகல் தாண்டிய பிறகுதான் அவள் வாய் திறந்தாள். வலைப்பந்தில் ஐந்து வருடங்கள் சென்ரராக, அதாவது நடுக்கள வீராங்கனையாக, விளையாடியவள் அவள். வளையத்தைச் சுற்றியுள்ள கோல் வட்டத்துக்குள் சென்ரர் கால் வைக்கக்கூடாது, வளையத்துக்குப் பந்தை எறியவும் கூடாது. அந்த நொடியில் வளையம் தனக்குரியதல்ல என்றே தோன்றியதாம். இதை நான் ஏன் முன்கூட்டியே கண்டுகொள்ளவில்லை?

உப்புவெளி, முன்னாள் வீராங்கனை

ரீச்சர், வலைப்பந்தின்மீது பழி போடாதீர்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நானும் அங்கிருந்து வந்தவள்தான். பந்தைப் பார்க்காமலே பிடிக்கவும், மூன்று செக்கன்களுக்குள் முடிவெடுத்துக் கொடுக்கவும் அந்த விளையாட்டே எனக்குக் கற்றுத்தந்தது. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்து அணியில் ஆடியதைப் பார்த்துத்தான் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் மைதானத்துக்கே வந்தோம்.

என்னை உறுத்துவது வேறொரு கணம். வலைப்பந்தில் பந்து வைத்திருப்பவளிடமிருந்து தடுப்பவள் 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். என் முதல் கூடைப்பந்துப் போட்டியிலோ எதிராளியின் மூச்சு என் கழுத்தில் பட்டது. நான் பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டேன். உங்கள் பிள்ளையும் ஆட்டம் முழுவதும் அந்த நெருக்கத்துக்குள் இருந்தவள். கடைசியில் யாரும் பக்கத்தில் இல்லாததை அவள் உடல் நம்பவில்லை. விதி மறந்ததால் நடந்தது அல்ல இது. வலுவான அணிகளோடு போதிய சிநேகபூர்வ ஆட்டங்கள் ஆடாததால் நடந்தது.

திருக்கடலூர், ஓய்வுபெற்ற நடுவர்

தங்கச்சி சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. இரண்டு காரணங்களும் சேர்ந்தே இருந்திருக்கும். கச்சான் எனும் தென்மேல் காற்று வீசிய ஒரு பிற்பகலில், நன்றாக எறியப்பட்ட இரண்டு பிரீ த்ரோக்கள் (எதிரணியின் தவறுக்காக யாரும் தடுக்காமல் எறியக் கிடைப்பவை) காற்றில் விலகியதால் ஒரு பிள்ளை நிலத்தில் அமர்ந்து அழுததை நான் விசிலோடு நின்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் கேளாமலே சிலவற்றைச் சொல்கிறேன்.

வலைப்பந்து வளையத்தின் பின்னால் பலகை இல்லை. உயரம் இரண்டிலும் ஒன்றே, 3.05 மீற்றர். ஆகவே அங்கிருந்து வரும் பிள்ளைகள் பந்தை உயரத் தூக்கி நேரே வளையத்துக்குள் விழுத்தப் பார்க்கிறார்கள். திறந்தவெளித் திடலில் கச்சானுக்கு அந்த உயரமே இரையாகிறது. வளையத்தின் அருகில், பக்கவாட்டுக் கோணத்திலிருந்து எறியும்போது பலகையிலுள்ள சதுரத்தில் பட்டு உள்ளே விழும்படி எறியப் பழக்குங்கள். 4.6 மீற்றரிலிருந்து எறியும் பிரீ த்ரோவைப் பயிற்சி தொடங்குமுன் எறியவிடாதீர்கள். ஓடிக் களைத்த பின், மூச்சு வாங்கும்போது இரண்டிரண்டாக எறியட்டும், ஏனெனில் போட்டியில் அப்படித்தான் வரும். இளம் அணிகள் கையால் தடுத்துத் தவறிழைப்பது வழக்கம். ஒரு கால்பகுதியில் ஐந்தாவது தவறிலிருந்து எதிரணிக்கு இரண்டு எறிதல்கள் கிடைத்துவிடும். எனவே கையை அல்ல, காலை நகர்த்தித் தடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு புள்ளி கடைசி நொடியில் மட்டும் போனதல்ல என்பதும் ஆட்டத்தின் தவறுப் பதிவைப் பார்த்தால் தெரியும்.

பாலையூற்று, ஒரு தாய்

என் மகளும் இந்த அணியில்தான் இருக்கிறாள். தோற்று வந்த இரவு சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படுத்தாள். அடுத்த வருடம் உயர்தரம் தொடங்குகிறது, பின்னேரம் முழுவதும் ரியூசன். அவளை மறிக்க எனக்கு மனமில்லை. நேரம் எங்கிருந்து வரும் என்று மட்டும் தெரியவில்லை.

உவர்மலை, பொறுப்பாசிரியை

அம்மா, பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு மாற்ற அதிபரிடம் கேட்டிருக்கிறேன். ஐயா, தவறுப் பதிவைப் பார்த்தேன். மூன்றாவது கால்பகுதியில் மட்டும் நாம் ஆறு தவறுகள் செய்திருக்கிறோம். நீங்கள் சொன்னது சரி. தங்கை, சிநேகபூர்வ ஆட்டத்துக்கு மட்டக்களப்பு அணியொன்றை இங்கு வரவழைக்க முயல்கிறேன். இந்த அணியிலிருந்து அடுத்த வருடம் வயதால் விலகுபவர்கள் இரண்டு பேர் மட்டுமே. மற்றவர்களுக்கு இன்னும் மூன்று பருவங்கள் இருக்கின்றன. வளையத்தின் கீழே நின்றவளுக்கு நேற்றிலிருந்து ஒரே வேலை கொடுத்திருக்கிறேன்: அங்கே பந்து கிடைத்தால் கொடுக்கக்கூடாது, எறியவே வேண்டும். இருபதில் ஏழு விழுந்தன. வாடை மழை தொடங்கினால் அந்த வளையத்தின் கீழேதான் தண்ணீர் தேங்கும். அதற்குள் எங்களுக்கு ஏறக்குறைய பத்து வாரங்கள் உள்ளன.