பழைய ஓவியங்களுக்கு முன்னாடி நூல தொங்கவிட்டு இன்ஸ்டலேஷன்னு சொல்றாங்க, இத எப்படி பாக்கணும்?

சும்மாபாத்தவன்:
போன வாரம் ஒரு மியூசியம் போயிருந்தேன். பழைய போர்ட்ரெய்ட் மட்டும் மாட்டியிருக்கிற ரூம், தங்க ஃப்ரேம், விக் வெச்ச பெரிய மனுஷங்க, அவங்க வீட்டம்மா, நாய், குதிரை. இப்ப அந்த ரூம் முழுக்க சீலிங்ல இருந்து வெள்ள நூல் ஆயிரக்கணக்குல மழை மாதிரி தொங்குது, நடுவுல ஒரு ஆள் நுழையிற அளவுக்கு வழி, அதுல நடந்துகிட்டே நூலுக்கு நடுவுல படத்த பாக்கணுமாம். முக்கால்வாசி முகம் தெரியல. நான் அந்த படங்கள பாக்கத்தான் போனேன். வாசல்ல ஒரு பெரிய போர்டு, "நினைவின் அடுக்குகளோடு ஓர் உரையாடல்"னு என்னமோ எழுதியிருந்தாங்க, ரெண்டு தடவ படிச்சும் மண்டைல ஏறல. கூட வந்தவன் சூப்பர்ங்கறான், நான் பழைய பஞ்சாங்கமாம். உண்மையிலேயே பழசுக்கு பதில் சொல்ற வேலைக்கும், பழச சும்மா பேக்கிரவுண்டா வெச்சுக்கற வேலைக்கும் வித்தியாசம் எப்படி கண்டுபிடிக்கறது? அப்புறம் அவ்ளோ நூல அந்த படங்கள் பக்கத்துல தொங்கவிட்டா அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?

பழையசட்டம்:
முதல் கேள்விக்கு நான் வெச்சிருக்கிற அளவுகோல் ஒண்ணுதான். புதுச கழட்டி எடுத்துட்டுப் போன பிறகும் பழசு உங்களுக்கு முன்ன மாதிரி தெரியுதா? அப்படியே தெரிஞ்சா வெறும் அலங்காரம், பந்தல் போட்ட மாதிரி.

இதுக்கு எனக்கு தெரிஞ்ச பெரிய உதாரணம் ஃப்ரெட் வில்சன்ங்கிற கலைஞர். 1992ல அமெரிக்காவுல பால்டிமோர்ல மேரிலாண்ட் வரலாற்றுச் சங்கத்தோட மியூசியத்துல 'மைனிங் த மியூசியம்'னு ஒண்ணு பண்ணார். அவர் வெளிய இருந்து பெருசா எதையும் கொண்டு வரல, அதே மியூசியத்தோட ஸ்டோர் ரூம தோண்டினார், அவ்ளோதான். ஒரு கண்ணாடிப் பெட்டியில நுணுக்கமா வேலை செஞ்ச வெள்ளி கூஜா, கோப்பை எல்லாம் அடுக்கி அதுக்கு நடுவுல அடிமைங்களுக்கு மாட்டுற இரும்பு விலங்க வெச்சார். லேபிள்ல கதை கட்டுரை எதுவும் இல்ல, 'உலோக வேலைப்பாடு 1793–1880', முடிஞ்சது. இன்னொரு இடத்துல அழகான பழைய நாற்காலிங்க எல்லாம் கச்சேரி கேக்க வந்த மாதிரி ஒரு பக்கமா பாத்து உக்காந்திருக்கும், அதுங்க பாக்குறது ஆளுங்கள கட்டி வெச்சு சாட்டையால அடிக்கிற கம்பம். அங்க லேபிள் மரவேலை. அந்த கூஜாவ அதுக்கப்புறம் எந்த மியூசியத்துல பாத்தாலும் இத வாங்க காசு எங்கிருந்து வந்துச்சுன்னு தோணாம இருக்காது, அதத்தான் பதில்னு நான் சொல்றேன். மார்பளவு சிலை வைக்கிற பீடத்துலயும் இதே விளையாட்டு. நெப்போலியன், ஹென்றி கிளே, ஆண்ட்ரூ ஜாக்சன் மூணு பேருக்கும் சிலை இருக்கு, ஒருத்தர்கூட மேரிலாண்ட்காரர் கிடையாது, பக்கத்துல காலியா மூணு பீடம், அதுல ஹாரியட் டப்மன், ஃப்ரெட்ரிக் டக்ளஸ், பெஞ்சமின் பானெகர்னு பேர் மட்டும், மூணு பேருமே மேரிலாண்ட் மண்ணுல பிறந்த பேர்பெற்ற கருப்பினத்தவங்க.

கண்ணாடிப்பெட்டி:
நான் மியூசியத்துல பழைய பொருள பாதுகாக்கிற பக்கம் வேலை பாத்தவன், அதனால ரெண்டாவது கேள்விய நான் எடுத்துக்கறேன். நீங்க பயப்படறது நியாயம்தான், நாங்களும் பயப்படுவோம், ஓவியர் ஐடியா சொன்ன அடுத்த நிமிஷம் எங்க மூஞ்சி மாறிடும். பருத்தி நூல்னா முதல் கவலை பூச்சி, அதனால உள்ள விடறதுக்கு முன்னாடி பொதுவா ஃப்ரீஸர்ல போட்டு எடுப்போம், மைனஸ் 30 டிகிரில மூணு நாள் மாதிரி. அடுத்தது பஞ்சுத் தூசி. அதுக்கும் மேல சாயம், பசை, பெயின்ட் இதுலருந்து வர்ற ஆவி, அது மெதுவா உலோகத்த கறுக்க வெச்சிரும், அத பாக்க ஆடி டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு (ஆட்டம் பாட்டம் எதுவும் இல்ல, பிரிட்டிஷ் மியூசியத்துல இருந்த ஆண்ட்ரூ ஆடிங்கிறவர் 1970கள்ல கொண்டு வந்தது). அந்த பொருளோட ஒரு துண்ட வெள்ளி, செம்பு, ஈயத் தகடோட சேத்து மூடின குழாய்ல கொஞ்சம் தண்ணி விட்டு 60 டிகிரில 28 நாள் வெச்சிடுவோம், தகடு அரிச்சிருந்தா அந்த பொருள் மூடின பெட்டிக்குள்ள பழசோட இருக்கக் கூடாது. அப்புறம் லைட். ஆயில் பெயின்டிங் 200 லக்ஸ் (வெளிச்சத்த அளக்கிற அளவு) வரைக்கும் தாங்கும், துணி, காகிதத்துக்கு 50தான். நல்ல ஃபோட்டோவுக்காக லைட்ட கூட்ட சொல்லி ஓவியரும் நாங்களும் சண்டை போடறது வழக்கமான கூத்து.

வெள்ளைச்சுவர்:
பழையசட்டம் சொல்றது நல்லாத்தான் இருக்கு ஆனா எல்லாத்தையும் வில்சன் தராசுல நிறுத்தா பாவம் மத்தவங்க. 2008ல பிரான்ஸ்ல வெர்சாய் அரண்மனையில ஜெஃப் கூன்ஸ்ங்கிற கலைஞர், பலூன முறுக்கி செஞ்ச மாதிரி இருக்கிற உலோக நாயையும் தொங்குற நண்டு மாதிரி ஒண்ணையும் (லாப்ஸ்டர்) கொண்டு வெச்சப்ப அந்த ராஜ வம்சத்துல வந்த ஒருத்தர் கோர்ட்டுக்கே போனார், தோத்தார். பலருக்கு அது வெறும் பகட்டு. எனக்கு என்னவோ அந்த பளபளா நாய பாத்த பிறகுதான் அந்த அரண்மனையே ஒரு பளபளா பொம்மைன்னு உறைச்சுது. இது பதில் இல்லையா?

எடுத்துட்டுப் போறதும் பதில்தான். 2018ல மான்செஸ்டர் ஆர்ட் கேலரியில சோனியா பாய்ஸ்ங்கிற கலைஞர் ஒரு நிகழ்வோட பகுதியா வாட்டர்ஹவுஸோட 'ஹைலஸ் அண்ட் த நிம்ஃப்ஸ்' ஓவியத்த, 1896ல வரைஞ்சது, சுவத்துல இருந்து இறக்கிட்டாங்க. குளத்துல இளம் பொண்ணுங்க ஒருத்தன இழுக்கிற படம். காலி இடத்துல ஒரு நோட்டீஸ், ஜனங்க வந்து போஸ்ட்-இட் ஒட்டி திட்டுனாங்க, சென்சார்னு கத்துனாங்க. ஒரு வாரத்துல படம் திரும்ப வந்திருச்சு. அந்த ஒரு வாரத்துல அந்த படத்த பத்தி பேசின அளவுக்கு அதுக்கு முன்னாடி எத்தன பேர் பேசியிருப்பாங்க?

பழையசட்டம்:
@வெள்ளைச்சுவர் கூன்ஸ் விஷயத்துல உங்களுக்கு உறைச்சுது சரி, அது கூன்ஸோட திறமையா உங்க திறமையா? 😀 மான்செஸ்டர ஒத்துக்கறேன், ஆனா அங்க ஜனங்க பேசினது படத்த இறக்கினத பத்தி, படத்த பத்தி இல்ல.

@சும்மாபாத்தவன் உங்களுக்கு ஒண்ணு. வில்சன் அதே கண்காட்சியில பழைய குடும்பப் படங்கள்ல ஓரத்துல நிக்கிற கருப்பின அடிமைக் குழந்தைங்க மேல லைட் விழ வெச்சு, என் தலைய யார் வாரி விடுவாங்கன்னு குழந்தை குரல் கேக்கிற மாதிரி பண்ணியிருந்தார். உங்க ரூம்ல நூல் எல்லா இடத்துலயும் ஒரே அடர்த்தியா இருந்துச்சா? போர்ட விடுங்க, போர்டு எழுதறது பெரும்பாலும் ஓவியர் இல்ல.

சும்மாபாத்தவன்:
இத கேட்டதும் ஃபோன்ல எடுத்த படத்த எல்லாம் திரும்ப பாத்தேன். ஒரே அடர்த்தியா இல்ல. பெரிய மனுஷன் மூஞ்சிக்கு நேரா நல்லா நெருக்கமா இருக்கு, வலது ஓரத்துல ஒரு சின்ன இடைவெளி, அங்க குதிரைய பிடிச்சுகிட்டு ஒரு பையன் நிக்கிறான். லேபிள்ல குதிரைக்கு பேர் போட்டிருக்கு, அவனுக்கு இல்ல. நேர்ல நின்னப்ப நான் அவன பாக்கவே இல்ல, அந்த இடைவெளி வழியா பெரியவர் மூஞ்சி தெரியுதான்னு எட்டி எட்டி பாத்துகிட்டு இருந்தேன்.

ஆனா வழி ரொம்ப குறுகல், அதுல மாத்து கருத்து இல்ல. பின்னாடி வந்தவங்க பை நூல்ல மாட்டி நாலஞ்சு அறுந்து விழுந்துச்சு.

கண்ணாடிப்பெட்டி:
அறுந்த நூல யாராவது எண்ணி எழுதி வெச்சிருப்பாங்க, நிச்சயமா. எனக்கு அந்த வேலை இருந்திருக்கு.