ஜோசானி காட்டுக்கு ஒரு நாள்: குரங்கு பார்க்கப் போறோம், போனவங்க சொல்லுங்க

உச்சிப்புளி மலர்:

எல்லாருக்கும் வணக்கம். என் மக டான்சானியாவுல தார் எஸ் சலாம்ல இருக்கா, மருமகனுக்கு அங்க வேலை. ஆகஸ்ட்ல நானும் எங்க வீட்டுக்காரரும் மாமியாரும் போறோம். மருமகன் லீவு போட்டு எங்களை சான்சிபார் தீவுக்குக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கார். அங்க ஜோசானின்னு ஒரு காடு, உலகத்துலயே அந்தத் தீவுல மட்டும் இருக்கிற சிவப்புக் குரங்கை வழிகாட்டியோட நடந்து போய்ப் பார்க்கலாம்னு மக சொல்றா. பேரனுக்கு ஆறு வயசு. போன்ல பேசினாலே "ஆச்சி, குரங்கு பார்க்க எப்ப வருவீங்க"ன்னுதான் கேட்கிறான்.

எனக்குக் குரங்குன்னா பயம். ராமேஸ்வரம் கந்தமாதன பர்வதத்துல ஒரு தடவை என் கையில இருந்த பையை இழுத்துக் கிழிச்சுப் பழத்தை எடுத்துட்டுப் போச்சு, நகம் பட்டு ஊசி போட வேண்டியதாப் போச்சு. அங்கயும் அப்படித்தானா? சின்னப் பிள்ளையை வச்சுகிட்டுப் போகலாமா? ஹோட்டல்ல சொல்லி வழிகாட்டி ஏற்பாடு பண்ணணுமா, நேரா போனா ஆள் கிடைக்குமா? ஒரே நாள்ல குரங்கு, டால்பின் ரெண்டும் காட்டுறோம்னு ஒரு டிரைவர் மருமகன்கிட்ட விலை பேசியிருக்காராம். மாமியாருக்கு முழங்கால் வலி. எல்லாத்தையும் யோசிச்சுச் சொல்லுங்க.

தொண்டிக்காரன்:

அக்கா, குரங்கு விஷயம் தெரிஞ்சவங்க சொல்லட்டும். நான் பயணக் காகிதம் மட்டும் சொல்றேன். டிக்கெட் நைரோபி இல்லைன்னா அடிஸ் அபாபா வழியா இருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடியே மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்குங்க. கென்யாவும் எத்தியோப்பியாவும் அந்தக் காய்ச்சல் உள்ள நாடுகள். அந்தப் பக்கமா வந்துட்டு ஊசி போட்ட அட்டை இல்லைன்னா நம்ம ஊர் ஏர்போர்ட்லயே 6 நாள் வரைக்கும் தனியா வைக்க சட்டம் இருக்கு. ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் அந்த அட்டை செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க. மாமியாருக்கு 60 தாண்டியிருந்தா டாக்டரைக் கேட்காம போடாதீங்க. துபாய், தோஹா வழியா வந்தா இந்தத் தொல்லை இல்லை. விசா ஆன்லைன்ல, 50 டாலர். 2024 அக்டோபர்ல இருந்து சான்சிபாருக்குள்ள வர்ற வெளிநாட்டுக்காரங்க 44 டாலர் கட்டித் தீவோட இன்சூரன்ஸும் எடுக்கணும். மலேரியா மாத்திரை பத்தியும் டாக்டர்கிட்ட கேளுங்க.

பெரியபட்டினத்தான்:

மலர் அக்கா, சான்சிபார் கிழக்குக் கரையில பாஜேன்னு ஒரு ஊர், அங்க ஒரு ஹோட்டல் சமையல்கட்டுல வேலை பார்த்தவன் நான். நகரத்துக்குப் போற ரோடு அந்தக் காட்டை ஒட்டித்தான் போகும். லீவு கிடைச்சா வண்டியில இருந்து நடுவழியில இறங்கிடுவேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல உங்க பயம். நம்ம ராமேஸ்வரத்துல இருக்கிறது நாட்டுக்குரங்கு. கன்னத்துல பை இருக்கு, சோறு, பழம், பிஸ்கட்டுன்னு எதையும் திங்கும். ஜோசானிச் சிவப்புக் குரங்கு வேற வகை. நம்ம மலைக்காட்டுல இருக்கிற கருமந்திக்குத்தான் அது சொந்தம். இலை, கொழுந்து, காய் இதுதான் சாப்பாடு. மாட்டுக்கு மாதிரி வயித்துல அறை அறையா இருக்கு, இலை அதுல புளிச்சுத்தான் செரிக்கும். பழுத்த இனிப்புப் பழம் அதுக்கு ஒத்துக்காது. உங்க பையில வாழைப்பழம் இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. கையில கட்டை விரலே இல்லைன்னு சொல்லலாம், ஒரு சின்ன முண்டுதான் இருக்கும். கறுத்த முகம், ரோஸ் உதடு, முகத்தைச் சுத்தி வெள்ளை முடி, முதுகு செங்கல் நிறம். குட்டியோட கிளையில வரிசையா உக்காந்து நம்மளை உத்துப் பார்க்கும்.

ஆனா அதே காட்டுல சைக்ஸ் குரங்குன்னு இன்னொண்ணு இருக்கு, சாம்பல் நிறம், அதுக்குக் கன்னப்பை உண்டு, பழம் திங்கும். அதனால தீனி எதையும் காருக்குள்ளயே வச்சுட்டுப் போங்க.

வழிகாட்டிக்கு ஹோட்டல்ல சொல்ல வேண்டியதில்லை. காட்டு வாசல்ல டிக்கெட் எடுத்தா வனத்துறை வழிகாட்டி அதுலயே சேர்த்தி. வெளியில ஆயிரம் பேர் "டூர்"ன்னு விக்கிறது பெரும்பாலும் கார் வாடகைதான். சான்சிபார் நகரத்தோட பழைய பகுதி ஸ்டோன் டவுன், அங்க இருந்து 35 கிலோமீட்டர். நீங்க குடும்பமா போறதால ஒரு கார் பேசுங்க. தனியாளா இருந்தா மக்குண்டுச்சி, ஜம்பியானி போற டாலா-டாலா வண்டியில ஏறி வாசல்லயே இறங்கலாம். டிக்கெட் காசுல பேரம் பேசாதீங்க அக்கா. 2004-ல இதைத் தேசியப் பூங்கா ஆக்கினாங்க, 50 சதுர கிலோமீட்டர் இருக்கும். அந்த வருமானத்துல ஒரு பங்கு சுத்துக் கிராமங்களுக்குப் போகுது. அந்தக் காசு வர்றதாலதான் அவங்க குரங்கைத் தோட்டத்துல விட்டு வைக்கிறாங்க.

வாசலுக்குள்ள போனதும் குரங்கைத் தேடாதீங்க. அந்தப் பக்கம் பெரிய மரக்காடு, அடியில தண்ணி ஊறின தரை, குளுமையா இருக்கும். வழிகாட்டி உங்களை ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் கூட்டிட்டுப் போவார். சனத்துக்குப் பழகின கூட்டம் அங்கதான், ஒரு கூட்டத்துக்கு 30, 40 உருப்படி கூட இருக்கும். ரோடு தாண்டும்போது பேரன் கையைப் புடிச்சுக்குங்க. முந்தி அந்த ரோட்டுல வண்டியில அடிபட்டுச் செத்த குரங்கு ஏராளம். வேகத்தடை போட்ட பிறகுதான் குறைஞ்சுச்சு, இப்பவும் நின்ன பாடில்லை. உங்க டிரைவர்கிட்ட காட்டை நெருங்கும்போதே மெதுவா போகச் சொல்லுங்க.

நான் அந்தக் காட்டுல மனசைப் பறிகொடுத்த இடம் ஒண்ணு உண்டு. எங்க மாமா கமுதிப் பக்கம் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போட்டவர். மூட்டம் பிரிக்கிற அன்னைக்குக் கரி பொறுக்கப் போனவன் நான், அந்தப் புகை வாசம் இன்னும் மூக்குல இருக்கு. அங்க கிராமத்து ஓரமா, எரிஞ்சு போன ஒரு அடிக்கட்டையில ஒரு தாய்க்குரங்கு கரியை ஒடிச்சு எடுத்து மொறுமொறுன்னு தின்னுச்சு. வயித்துல தொங்கின குட்டி அந்தக் கையையே பார்த்துகிட்டு இருந்துச்சு. வழிகாட்டி காரணம் சொன்னார். காட்டோரத்துல மாமரமும் நம்ம நாட்டு வாதாம் மரமும் நிறைய. அந்த இலையில சத்து உண்டு, ஆனா பீனால்னு செரிமானத்தைக் கெடுக்கிற பொருளும் உண்டு. கரி அந்தப் பீனாலை உறிஞ்சிடுது, சத்து உடம்புல சேருது. ஸ்ட்ரூசேக்கர்னு ஒரு ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 1997-ல இதைச் சோதிச்சு எழுதியிருக்காங்க, அந்த ஊர் மூட்டக்கரியையே எடுத்துப் பார்த்திருக்காங்க. குட்டிங்க தாயைப் பார்த்துத்தான் கத்துக்குதாம். சில சமயம் மூட்டத்துல இருந்தே திருடிட்டுப் போகும்னாங்க. எங்க மாமா உயிரோட இருந்திருந்தா அவர்கிட்டத்தான் முதல்ல சொல்லியிருப்பேன்.

இப்ப முக்கியமான ஒண்ணு. அதுக பக்கத்துல வந்துடும். தலைக்கு மேல கை எட்டுற கிளையில உக்காரும், நடக்கிற பாதையில காலடியில கூடத் தாண்டும். விலகி நிக்க வேண்டியது நம்ம பொறுப்பு. மூணு மீட்டர் இடைவெளி விடுங்க, தொடாதீங்க, போனை முகத்துக்குப் பக்கத்துல நீட்டாதீங்க. ஒண்ணு ரெண்டு வழிகாட்டிங்க டிப்ஸுக்காகக் கிட்டப் போய்ப் படம் எடுத்துக்கச் சொல்லலாம். "வேணாம், இங்க நின்னே பார்க்கிறோம்"னு சொல்லுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க. நம்ம சளி இருமல் அதுகளுக்கு ஒட்டும். பேரனுக்கு அன்னைக்குச் சளின்னா இன்னொரு நாள் போங்க. அந்தத் தீவை விட்டா அதுக்கு வேற சொந்தக் காடு இல்லை. கணக்கெடுத்தவங்க 5,800-க்கு மேல இருக்குன்னு சொன்னாங்க, அவங்க நினைச்சிருந்ததை விட அது ரொம்பவே அதிகம். இருந்தாலும் மொத்த உலகத்துக்கும் அவ்வளவுதானே.

டால்பின் சேர்த்துப் பேச வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன். கிசிம்காசியில படகு படகா டால்பினைச் சுத்தி வளைச்சுத் துரத்துறாங்க, கூட்டத்துக்கு நடுவுலயே ஆளுங்க குதிக்கிறாங்க. நம்ம கடல்ல ஓங்கில் தானா வந்து படகோட ஓடுறதைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு அதைப் பார்க்க மனசு வராது. அந்த ஊருக்குப் போறதா இருந்தா பழைய பள்ளிவாசலைப் பாருங்க, உள்ள 1107-ஆம் வருஷத்துக் கல்வெட்டு இருக்கு. கீழக்கரைக் கல்தூண் பள்ளியில தொழுதவனுக்கு அங்க உக்கார்ந்தா எழுந்திரிக்கத் தோணாது.

தங்கச்சிமடம் தோப்பு:

தம்பி, கேட்கவே நல்லா இருக்கு. ஒரு சந்தேகம். சுத்துக் கிராமத்துல தென்னை இருக்கும்ல? எங்க தோப்புல அணில் குரும்பையைக் கடிச்சுப் போடுறதையே தாங்க முடியலை. குரங்குக் கூட்டம் இறங்கினா விவசாயி என்ன ஆவான்? டிக்கெட் காசுல பங்கு தர்றது சரி, மரத்துல போனது போனதுதானே.

பெரியபட்டினத்தான்:

அண்ணே, அதே கோபம் அங்கயும் இருந்துச்சு. இந்தக் குரங்கு பிஞ்சுக் காயைத்தான் திங்கும், நீங்க சொல்ற குரும்பை. அதை மரம் மரமா எண்ணிப் பார்த்து 1999-ல ஒரு ஆராய்ச்சி வெளியாச்சு. குரங்கு தின்ன அளவு கூடினா விளைச்சல் குறையும்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. குறையலை. குரும்பையை அதிகம் தின்ன இடத்துல அறுவடை கொஞ்சம் கூடவே இருந்துச்சு. தென்னை தானாவே பாதிக் குரும்பையை உதிர்க்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குரங்கு முன்னாடியே கழிச்சு விட்டதால மிச்சக் காய் நல்லா தேறியிருக்கும்னு அவங்க கணிச்சாங்க. காய்கறித் தோட்டம், மத்த வெள்ளாமைக்கு இதே கணக்கு பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன். அங்க நஷ்டப்பட்டவங்களை நேரா பார்த்திருக்கேன், அவங்க வருத்தம் நியாயம். அதுக்காகத்தான் டிக்கெட் பங்கு ஒழுங்காப் போய்ச் சேரணும்னு அழுத்திச் சொல்றேன்.

பாம்பன் பாசிக்காரி:

அக்கா, பாஜேன்னு பேரைப் பார்த்ததும் எழுதுறேன். எங்க சங்கத்துக்கு வந்த ஒரு சார் அந்த ஊர் படம் காட்டினார். அங்கயும் பொம்பளைங்கதான் கடல்பாசி வளர்க்கிறாங்க. நாங்க இங்க மூங்கில் மிதவையில கட்டுறோம், அவங்க முளைக்குச்சி அடிச்சுக் கயிறு இழுத்துக் கட்டுறாங்க. குரங்கு பார்த்த கையோட அங்கயும் ஒரு எட்டுப் போய்ட்டு வந்து எனக்குச் சொல்லுங்களேன். எங்களை விட அவங்களுக்கு விலை கிடைக்குதான்னு தெரிஞ்சுக்கணும்.

பெரியபட்டினத்தான்:

அருமையான யோசனை. காட்டுல இருந்து பாஜே கிட்டத்தான், அதே ரோடு. ஆனா வத்தம் பார்த்துப் போகணும். நம்ம கரை மாதிரி கடல் இருந்த இடத்துலயே நிக்காது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நாலு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். வத்தத்துல கடல் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிடும், அப்பத்தான் பொம்பளைங்க பாசிக்கு இறங்குவாங்க. ஏத்தத்துல போனா வெறும் தண்ணிதான்.

உச்சிப்புளி மலர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பி, நீங்க எழுதினதை என் வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டினேன், கரி தின்ற குரங்கைப் பார்க்காம வர மாட்டேங்கிறார். டால்பின் வேணாம்னு மருமகன்கிட்டயும் சொல்லிட்டோம். ஊசிக்குச் சென்னைக்குப் போக வேணாம்னு துபாய் வழியாவே டிக்கெட் போடச் சொல்லிட்டேன். மாமியாரைப் பத்தி மட்டும் சொல்லுங்க. அத்தையை விட்டுட்டுப் போனா வருத்தப்படுவாங்க. எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

பெரியபட்டினத்தான்:

தாராளமா கூட்டிட்டு வாங்க. குரங்கு இருக்கிற எதிர்ப்பக்கம் சமதரை, ரோட்டுல இருந்து கொஞ்ச தூரம்தான், படி ஏற வேண்டியதில்லை. வழிகாட்டிகிட்ட முதல்லயே "அம்மாவுக்கு முழங்கால், மெதுவா போகணும்"னு சொல்லிடுங்க. மரக்காட்டுப் பாதையில வேர் தட்டும், அங்க மட்டும் அவங்க வாசல்லயே இருக்கட்டும். கடைசியா கண்டல் காட்டுக்குள்ள பலகைப் பாலம் ஒண்ணு இருக்கு. காரங்காட்டுல படகுல போய்ப் பார்க்கிற அதே மாதிரிக் காட்டை அங்க நடந்தே பார்க்கலாம். கைப்பிடியைப் புடிச்சு நடக்கலாம், ஆனா ஈரமா இருந்தா பலகை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு போடச் சொல்லுங்க.

காலையில சீக்கிரம் வாசல்ல இருங்க. உச்சி வெயில்ல குரங்கு இலையைத் தின்னுட்டுப் படுத்துடும், டூர் வண்டிக் கூட்டமும் அப்பத்தான் வரும். காலை விட்டுட்டா சாயங்காலம் போங்க. எல்லாருக்கும் முழுக்கை, முழுக்கால் சட்டை, கொசு மருந்து. ஆகஸ்ட் மழை இல்லாத மாசம், ஆனா தெக்கத்திக் காத்து பலமா இருக்கும். தார் எஸ் சலாம்ல இருந்து வர்ற வேகக் கப்பல் ரெண்டு மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும், நல்லா ஆட்டும். அத்தைக்கும் பேரனுக்கும் வாந்தி மாத்திரை ஏறுறதுக்கு அரை மணி முன்னாடியே கொடுத்துடுங்க. உக்கார்றதுக்குப் பின்பக்கம், கீழ்த்தட்டு.