6 ஸ்டட் அகல லெகோ நானோ: மாருதி 800 மாதிரி தெரிகிறது, பின்சக்கரமும் உரசுகிறது

கேட்பவர்: மஞ்சள்நானோ

வணக்கம் நண்பர்களே. முதல் தலைமுறை டாடா நானோவை (2009இல் விற்பனைக்கு வந்தது) 6 ஸ்டட் (கட்டையின் மேல் உள்ள குமிழ்) அகலத்தில் கட்டிக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் நிறம். நீளம் 13 ஸ்டட். சக்கர இடைவெளி (முன், பின் அச்சுகளுக்கு நடுவில்) 7 ஸ்டட், ஏனென்றால் கையில் இருந்த ரெடிமேட் அடித்தட்டு அப்படி. தரையிலிருந்து கூரை வரை ஸ்கேலில் 46 மி.மீ. வருகிறது. டயர் 17.5 மி.மீ. விட்டம். சக்கரம் மாட்டுவது 2x2 பிளேட்டில் (மெல்லிய தட்டைக் கட்டை), அதற்கு மேல் 3 ஸ்டட் அகல வளைவு.

சிக்கல் இரண்டு. பின்சக்கரம் வளைவின் ஒரு பக்கத்தில் உரசுகிறது, மறுபக்கம் பெரிய ஓட்டை. அதைவிட மோசம், யாரிடம் காட்டினாலும் "மாருதி 800 நல்லா இருக்கே" என்கிறார்கள். கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன், ஹெட்லைட்டை மாற்றிப் பார்த்தேன். வேறு எங்கே கை வைக்க வேண்டும்?

பதில்: அரைக்குமிழ்

ஹெட்லைட்டை விடுங்கள், அளவுகளைப் பாருங்கள். நிஜ நானோ 3099 மி.மீ. நீளம், 1495 அகலம், 1652 உயரம், சக்கர இடைவெளி 2230. ஒரு ஸ்டட் 8 மி.மீ. என்பதால் உங்கள் 6 ஸ்டட் 48 மி.மீ. அதாவது நிஜ வண்டியில் 31இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 1:31. அந்தக் கணக்கில் சக்கர இடைவெளி 71.6 மி.மீ. வர வேண்டும், கிட்டத்தட்ட சரியாக 9 ஸ்டட். நீங்கள் வைத்திருப்பது 7. உயரம் 53 மி.மீ. வேண்டும், உங்களுடையது 46. 46ஐ நிஜ அளவுக்கு மாற்றினால் சுமார் 1430. மாருதி 800இன் உயரம் 1405! பார்ப்பவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நானோவின் முகமே சக்கரங்கள் நாலு மூலைக்கும் ஓடி நிற்பதுதான். 624 சிசி எஞ்சினைப் பின்னால் போட்டதால் முன்னால் நீளமான மூக்குக்கு வேலை இல்லை. மொத்த நீளத்தில் 72 சதவீதம் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் போய்விடுகிறது. அது வராமல் மற்ற எதைச் செய்தாலும் நானோ ஆகாது. அந்த ரெடிமேட் அடித்தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு சாதாரண பிளேட்டுகளால் கட்டுங்கள்.

பதில்: டயர்கடை

உரசல் கதை வேறு. 2x2 பிளேட்டில் சக்கரம் மாட்டும் முள் இரண்டு ஸ்டட்டுக்கும் நடுக்கோட்டில் வரும். அதனால் வளைவு இரட்டைப்படை அகலத்தில் இருந்தால்தான் சக்கரம் நடுவில் நிற்கும். 3 ஸ்டட் வளைவில் ஒரு பக்கம் 8 மி.மீ., மறுபக்கம் 16. உங்கள் டயரின் ஆரம் 8.75. அது 8க்குள் எப்படிச் சுற்றும்? ஒரு ஸ்டட் அகலப் பிளேட்டில் முள் ஸ்டட்டுக்கு நேர் கீழே வரும், அதற்குத்தான் 3 ஸ்டட் வளைவு பொருந்தும்.

டயரும் பெரியது. நானோவுக்கு முன்னால் 135/70 R12, பின்னால் 155/65 R12. விட்டம் சுமார் 494, 506 மி.மீ. 1:31இல் 16 மி.மீ. கிட்டத்தட்ட. 15 மி.மீ. டயர் போடுங்கள், கொஞ்சம் சின்னதாகவே இருக்கட்டும். நிஜ வண்டியிலும் சக்கரம் உடம்புக்குச் சின்னதாகத்தானே தெரியும். 2 ஸ்டட் வளைவு, 15 மி.மீ. டயர்: இரு பக்கமும் அரை மி.மீ. இடைவெளி. ஷோகேஸில் வைக்கத் தாராளம். பையன் தரையில் ஓட்டப் போகிறான் என்றால் முள் கொஞ்சம் வளைந்து உரசலாம்.

பதில்: கட்டைப்பிரியன்

8 ஸ்டட் அகலத்துக்குப் போய்விடுங்களேன் ப்ரோ. விவரம் நிறைய வரும்.

பதில்: அரைக்குமிழ்

வரும். ஆனால் 6இல் சக்கர இடைவெளி இவ்வளவு அழகாக 9இல் வந்து விழும்போது அதை விட்டுவிட எனக்கு மனசு வராது.

பதில்: மஞ்சள்நானோ

மிக்க நன்றி இருவருக்கும். கட்டைப்பிரியன், 8க்கு மஞ்சள் கட்டைகள் போதாது. பழைய அடித்தட்டைக் கழற்றி 9 ஸ்டட் இடைவெளியில் மறுபடி கட்டினேன். சட்டென்று நானோ சாயல் வந்துவிட்டது! இப்போது புதுத் தலைவலி: உடம்பை 12 ஸ்டட் ஆக்கி, முன்சக்கர நடுவை முன்முனையிலிருந்து 2 ஸ்டட்டில் வைத்தால், பின்னால் மிச்சம் 1 ஸ்டட்தான். வளைவு அதையும் தின்றுவிடுகிறது. பம்பருக்கு இடமே இல்லை. சக்கரத்தை அரை ஸ்டட் முன்னே நகர்த்தலாமா?

பதில்: அரைக்குமிழ்

நகர்த்தாதீர்கள், வளைவின் நடு மறுபடி கெடும். பின்பக்கத்தைப் பக்கவாட்டில் கட்டுங்கள். வளைவுக்கு மேல் வரிசையில் பக்கத்தில் ஸ்டட் உள்ள கட்டைகளைப் (பாக எண் 87087) பின்னோக்கி வைத்து, அதில் ஒரு பிளேட் கனத்தில் பலகை ஒட்டுங்கள். பிளேட் 3.2 மி.மீ., அதாவது 0.4 ஸ்டட். 12 உடன் 0.4 சேர்ந்தால் 12.4. நிஜ நீளத்துக்கு வேண்டியதும் 12.4 சொச்சம்தான். ஒட்ட நறுக்கியது போன்ற அந்தப் பின்பக்கமும் கிடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 5 பிளேட் உயரம் = 2 ஸ்டட். பலகை 2 ஸ்டட் உயரம் என்றால் உடம்பில் அதற்கு 5 பிளேட் உயரம் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே ஒரு கோடு மாதிரி சந்து தெரியும்.

பதில்: டயர்கடை

உயரத்தை மறந்துவிடாதீர்கள். டயர் சின்னதானதால் வண்டி 1.25 மி.மீ. இறங்கியிருக்கும். எனவே 2 பிளேட் ஏற்றினால் 51 சொச்சம்தான், 3 ஏற்றினால் 54 சொச்சம். நான் 3 போடுவேன். ஒன்றைக் கதவில், இரண்டைக் கண்ணாடியில். முன்மூடியை இரண்டு ஸ்டட்டுக்கு மேல் நீட்டாமல், அதன் சாய்விலேயே கண்ணாடி தொடர்வதுபோல் வையுங்கள்.

பின்கதவு திறக்கும்படி செய்ய நினைத்தால் வேண்டாம். 2015இல் வந்த நானோ ஜென்எக்ஸில்தான் அது திறக்கும். முதல் தலைமுறையில் சீட்டை மடக்கி உள்ளே இருந்துதான் சாமான் வைக்க முடியும். இதைச் சொல்லி ஒரு கீல் மிச்சம் பண்ணிக்கொள்ளலாம்.

பதில்: மஞ்சள்நானோ

கீல் வாங்க வேண்டாம் என்பதே பெரிய உதவி. பின்பலகை ஒட்டிக்கொண்டது, சந்து இல்லை. சக்கரமும் சுற்றுகிறது. வைப்பர் ஒன்றுதானே? அதற்கு எந்தத் துண்டு?

பதில்: டயர்கடை

ஒன்றேதான். இந்த அளவில் துண்டு எதைப் போட்டாலும் துடைப்பம் மாதிரி இருக்கும். கறுப்பு மார்க்கரால் மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். ஓட்டுநர் பக்கம் மட்டும் ஒரு சைடு மிரர் வையுங்கள், ஆரம்ப விலை மாடலுக்கு அதுவே சரி.